பயணம் சொல்ல வந்தவர்

அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கி, என் வீட்டு வாசலில் நின்று, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். அப்புறம்தான் படியேறினார்.

மூன்றே படிகள். ஒன்பது வருஷம் கழித்து ஏறுகிறார். பின்னாலேயே மதினி குர்ஷித் பேகம், கையில் மாத்திரை டப்பாவோடு.

எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உம்ராவுக்குப் பதிந்திருக்கிறார் என்பது பள்ளிவாசலில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. மக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று ஒரு வீடு விடாமல் போய், செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பயணம் சொல்வது என்போம்.

வரிசையில் எத்தனையாவது வீடோ நம்ம வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

வாசல் தேடி வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? டீ கொடுத்தேன்.

அண்ணனுக்கு இரண்டு வருஷமாக இதயத் துடிப்பு சீராக இல்லை. திடீரென்று தறிகெட்டு ஓடும், திடீரென்று ஒரு துடிப்பை விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இதை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறாரே என்று கவலையாக இருந்தது. கவலைப்பட்டதற்காக என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

“ஃப்ளைட்டுல ஆறு மணி நேரம் உக்காரணுமே, எப்புடிண்ணே?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“மணிக்கொருக்க எந்திரிச்சு நடக்கச் சொன்னாரு டாக்டரு. மாத்திரைய ரெண்டு பையில பிரிச்சு வைக்கணுமாம், ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கும். அங்க போயி கத்தி வச்சு மொட்டை போடக் கூடாதுன்னாரு. ரத்தம் நிக்காதுல்ல, முடிய வெட்டிக்கிட்டாப் போதும்.” பரீட்சைக்குப் படித்தவர் மாதிரி ஒப்பித்தார்.

“என்னைக்குக் கெளம்புறீங்க?”

“வியாழக்கெழமை தம்பி,” என்றார் மதினி, அவரை முந்திக்கொண்டு.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பர்ஹானா கல்யாணத்துல ஒன்னைய அப்புடிச் சொன்னது தப்புத்தான் யாசினு. மாப்புக் குடுத்துரு.”

பர்ஹானா அவர் மகள். அவள் கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்கியது நான். அதுதான் என் தொழில், பண்டாரி என்பார்கள். சம்பந்தி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, யார் கைப்பக்குவம் என்று கேட்டார். அண்ணன் என்னைக் காட்டி, “நம்ம பண்டாரி” என்றார். தம்பி என்று சொல்லவில்லை. கைலியும் கரியுமாக நின்றிருந்த நான் கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அவராகவே கேட்டுவிட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருஷக் கோபத்தை ஒரு டம்ளர் டீயோடு முழுங்கிவிட முடியுமா?

“போயிட்டு வாங்கண்ணே. வந்தப்புறம் பேசிக்கிருவோம்.”

“சரிப்பா,” என்றார். முகம்கூடச் சுருங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தார்.

மதினி போகவில்லை. மாத்திரை டப்பாவைத் தேடுவதுபோல நின்றார். டப்பா அவர் கையில்தான் இருந்தது.

“பயணமெல்லாம் இல்ல தம்பி,” என்றார் மெதுவாக. “போன மாசமே ஃப்ளைட் ஏறக் கூடாதுன்னுட்டாக டாக்டருமாரு. வியாழக்கெழமை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறோம். தொடை வழியா ஒயர விட்டு, இதயத்துக்குள்ள சூடு வைக்கணுமாம். எது நடந்தாலும் சம்மதம்னு கையெழுத்து வாங்கிட்டாக.”

இதை ஏன் அவர் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“ஒடம்பக் காட்டி மாப்பு வாங்கக் கூடாதுன்னுட்டாரு. எரக்கப்பட்டுக் குடுத்தா அது மாப்பு இல்லியாம். வேற எந்த வீட்டுக்கும் போகல தம்பி, இங்க மட்டுந்தான் வந்தோம். நான் சொன்னேன்னு காட்டிக்கிறாதீக.”

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, மன்னித்துவிட்டேன் என்று அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் வாங்கிக்கொள்ள மாட்டார், எனக்கு என் அண்ணனைத் தெரியும்.

ஆட்டோ கிளம்பப் பார்த்தது. குறுக்கே போய் நின்றேன்.

“நீங்க போயிட்டு வார வரைக்கும் எவன் காத்துக் கெடக்குறது?” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. “தம்பின்னு ஒரு வார்த்த சொல்ல ஏலலையா அன்னைக்கு? எறங்குங்க. இன்னைக்கே சண்டையப் போட்டு முடிச்சுப்புடுவோம்!”

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். எதையோ தேடினார். நான் முறைத்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் சிரித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்தார். அந்தக் கால் நடுங்கியது.

தாங்கிப் பிடிக்க எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.