குழந்தை வண்டிக்குக் காவல்

"குழந்தையை இப்படித் தெருவுல விட்டுட்டு எவ போயிருப்பா?"

காபிக் கடை வாசலில் நின்ற குழந்தை வண்டியைப் பார்த்ததும் ரொசெல்லாவுக்குக் கால் நகரவில்லை.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு? வா, கடைசிப் படகு கிளம்பிடும்" என்றான் அவள் கணவன் நுன்சியோ.

சிசிலித் தீவின் பலெர்மோவிலிருந்து கோபன்ஹேகனுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளைகள் நச்சரித்தது அந்தக் கால்வாய்ப் படகுக்குத்தான். தாழ்வான பாலம் வந்தால் படகில் இருப்பவர்கள் எல்லோரும் தலையைக் குனிய வேண்டுமாம். நாலு வயசு துல்லியோ லிஃப்ட்டில்கூடக் குனிந்து குனிந்து பழகிக்கொண்டிருந்தான். முதல் நாள் அவன் அக்கா ஜினாவுக்குக் காய்ச்சல். மறுநாள் அடைமழை. நாளைக் காலையில் ஊருக்கு விமானம். இன்றைக்கு விட்டால் இல்லை.

"குளிர் நடுக்குது, தூறல் வேற. பெத்தவளைக் காணோம். இதைப் பாத்துட்டும் படகு சவாரி போகச் சொல்றியா?"

வண்டியின் கூரை இறக்கிவிட்டிருந்தது. முன்பக்கம் வலை. உள்ளே போர்வை உப்பலாகத் தெரிந்தது.

"அம்மா, பாப்பாவை ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று ஜினா வலையைத் தூக்கப் போனாள்.

ரொசெல்லா அந்தக் கையில் ஒன்று வைத்தாள். "தூங்குற குழந்தையை அசலார் எட்டிப் பாக்கலாமா? கண்ணு பட்டுடும்டி!"

சொன்னவளும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். கண்ணேறு விஷயத்தில் சிசிலிக்காரிக்கு யாரும் பாடம் நடத்த முடியாது.

நுன்சியோ கடைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தான். "கல்லாவுல இருக்கற பொண்ணு சிரிக்கறா. 'தூங்கட்டுமே, அழுதா அம்மா வருவாங்க'ன்னு சொல்றா."

சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை மறித்துக் கேட்டார்கள்.

"வெளிக்காத்துல படுத்தாத்தாங்க பிள்ளைங்க நல்லாத் தூங்கும். நாங்கல்லாம் அப்படி வளந்தவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனார்.

"கேட்டியா? இது இந்த ஊர் வழக்கம். வா போலாம்."

"எவனாவது தள்ளிக்கிட்டுப் போயிட்டா அதுவும் ஊர் வழக்கமா? நீ பசங்களைக் கூட்டிட்டுப் போ. நான் நிக்கறேன்."

துல்லியோ அம்மாவைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். "பாப்பாவை யாராவது திருடிருவாங்களா?"

"அம்மா இருக்கும்போது எவன் கிட்ட வருவான்? நீ அப்பாகூடப் போடா கண்ணு."

"வேணாம். நானும் நிக்கறேன்."

சொல்லிவிட்டு வண்டிச் சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டான். அவன் நின்றதும் ஜினாவும் நகரவில்லை. நுன்சியோ தலையில் கைவைத்துக்கொண்டு, தானும் நின்றான்.

சற்று நேரத்தில் தெருமுனைப் பாலத்துக்கு அடியில் படகு வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தார்கள்.

துல்லியோவுக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பா விழித்துக்கொள்ளுமே என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான்.

அப்புறம்தான் கடைக்குள்ளிருந்து ஓர் இளம்பெண் கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்து வண்டியிடம் கையை நீட்டினாள்.

"நீதான் அம்மாவா?" ரொசெல்லா பிடித்துக்கொண்டாள். இங்கிலீஷில் ஆரம்பித்தவள், கோபம் ஏற ஏறத் தாய்மொழிக்கே போய்விட்டாள். பிறகு நினைவு வந்து திரும்ப இங்கிலீஷுக்கு வந்தாள். "பத்து மாசம் சுமந்தவதானே நீ? காபி அவ்வளவு பெருசாப் போச்சா?"

"இல்லைங்க, குழந்தை வந்து..." அந்தப் பெண், சிக்னே, ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாதே! உன் குழந்தைக்காக என் பசங்க கடைசிப் படகையே விட்டுட்டு நிக்குதுங்க!"

இங்கிலீஷ் தெரியாத துல்லியோ, இவர்கள் போடும் சத்தம் பொறுக்காமல், வண்டியைக் காட்டி உதட்டில் விரல் வைத்தான். "ஷ்ஷ்!"

சிக்னே அவனைப் பார்த்தாள். நனைந்த தலை, சிவந்த மூக்கு, கன்னத்தில் கண்ணீர். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"தப்பு என்மேலதாங்க. மன்னிச்சிடுங்க."

வலைக்குள் கைவிட்டுப் போர்வையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். பிறகு குனிந்து, பெரிய மனுஷனுக்குக் கொடுப்பதுபோல் துல்லியோவுக்குக் கைகொடுத்தாள்.

ரொசெல்லாவுக்கு மனசு இளகிவிட்டது. தன் கழுத்துச் சங்கிலியிலிருந்த பவளத்தைக் கழற்றி வண்டிக் கைப்பிடியில் கட்டினாள். "இனிமே யார் கண்ணும் படாது. முதல்ல குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நீ போறதை நான் பாக்கணும்."

வேறு வழியில்லை. சிக்னே அந்தத் தூறலில் கோட்டில்லாமல், தாலாட்டை முணுமுணுத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது துல்லியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையசைத்தான்.

தெரு திரும்பியதும் கடையின் பின்வாசலில் அவள் கணவன் அஸ்கர் நின்றிருந்தான். அவன் தோளில், காலை உதைத்துக்கொண்டு குழந்தை.

"டயப்பர் எடுத்துட்டு வரேன்னு போனவ, காலி வண்டியைத் தள்ளிக்கிட்டு எங்கே போறே?"

"கத்தாதே அஸ்கர்!" சிக்னே பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். "இது காலி வண்டின்னு அந்தப் பையனுக்குத் தெரியவே கூடாது."