ரயிலுக்குக் கிளம்பிய வண்டி

வண்டி மறுபடியும் இருமியது, குலுங்கியது, நின்றது. மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி, “போச்சு அத்தை, ரயிலை விட்டுருவோம் போலிருக்கு” என்றார்.

பின்னால் துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த மாமியார் இறங்கினார். ஸ்டேஷனுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

காலையில் வீட்டில் பெரிய சண்டை. அம்மா கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மகள் எடுத்துத் திரும்பவும் கழுவினாள், அவ்வளவுதான். “இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றார் மாமியார். “ரொம்ப சந்தோஷம்” என்று மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமியார் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. பெரிய மகள் வீட்டிலும் இப்படித்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆறு வருடம் ஆகிறது, அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இன்றைக்கு ரயில் ஏறினால் இந்த வீட்டுக்கும் அதே கதிதான்.

பெண்டாட்டிக்கும் மாமியாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் வாயைத் திறப்பாரா? வண்டிச் சாவியை மட்டும் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“பிளக்கைப் பாருங்க” என்றார் மாமியார், மூடிக்கிடந்த கடையின் படியில் உட்கார்ந்தபடி. “உங்க மாமாவும் இதே மாதிரி வண்டிதான் வச்சிருந்தாரு. பின்னாடி உக்காந்தே எனக்குப் பாதி ரிப்பேர் தெரியும்.”

மாப்பிள்ளை பிளக்கைக் கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார். வண்டி கிளம்பியது. பயந்த குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல இடது கையால் டாங்கின் அடியைத் தடவியபடி ஓட்டினார். திருப்பம் தாண்டியதும் மறுபடி நின்றது.

“ஏர் ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கும்” என்றார் மாமியார். மாப்பிள்ளை அதையும் கழற்றித் தட்டினார். அடுத்த தடவை கார்புரேட்டர். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை மெக்கானிக் சட்டை ஆகிவிட்டது.

காலி டாக்ஸி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. மாப்பிள்ளை கீழே விழுந்த நட்டைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார், நிமிரவில்லை. மாமியார்தான், “வேணாம்பா, மாப்பிள்ளை வண்டியிலதான் போவேன்” என்று அனுப்பிவைத்தார். ரோஷம் அப்படி.

தூரத்தில் ரயில் கூவியது. அந்தச் சத்தம் தேய்ந்து முடிகிறவரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“போயிடுச்சு அத்தை” என்றார் மாப்பிள்ளை. முகத்தை நன்றாகவே தொங்கப் போட்டுக்கொண்டார்.

போன் அடித்தது. மகள்தான். “அம்மா ஏறிட்டாங்களா?”

“இல்ல. வண்டி நின்னு நின்னு, ரயில் போயிடுச்சு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “சரி, கூட்டிட்டு வாங்க. பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கு. அவங்களே வந்து கழுவட்டும்.”

மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும். “அடுத்த ரயில் நாளைக்குத்தானே” என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையோடு ஏறி உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓங்கி உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார், மறுபடியும் உதைத்தார். வியர்த்துக் கொட்டியது.

மாமியார் அவர் தோளை மெல்லத் தொட்டார்.

“மாப்பிள்ளை, நீங்க மூடி வச்ச பெட்ரோல் டேப்பைத் திறந்துட்டு உதைங்க.”