புது ஆள்

“அக்கா மறுபடியும் செத்துட்டாங்க.”

சொன்னவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. அறையில் இருந்த மற்றவர்களும் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். அக்காவும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கையில் இருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, தன் பங்கு டீயை எடுத்துக்கொண்டார்.

செத்தது திரையில் ஓடும் முயல். கரடி துரத்த, மூன்று பாறைகளைத் தாண்டி வந்து, அடுத்து வரும் பள்ளத்தில் பொத்தென்று விழும். நாற்பது நாளாக அதே பள்ளம், அதே அக்கா.

அந்தப் பள்ளத்தை அமைத்தவருக்கு ஆபீசில் பள்ளக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீடியோ கேமில் எந்த இடம் எவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. ஆட்டமே தெரியாத ஒருவர் முதல் கட்டத்தைப் பத்து நிமிடத்துக்குள் தாண்டிவிட வேண்டும். அதற்கு மேல் தவிக்கவிட்டால் எரிச்சலில் மூடிவிட்டுப் போய்விடுவார். ரொம்பச் சுலபமாக இருந்தாலோ, கொட்டாவி விட்டுக்கொண்டே மூடிவிடுவார்.

இதைச் சோதிக்கத்தான் ‘புது ஆள்’ என்று ஒரு வேலை வைத்திருந்தார்கள். அக்கா சட்டைக்குப் பட்டன் தைக்கும் ஆலையில் இருந்தவர். ஆலையை மூடிவிட்டார்கள், வீட்டுக்காரருக்கும் வேலையில்லை. “அங்கயும் பட்டன், இங்கயும் பட்டன். பொழைச்சுக்குவேன்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு தடவை தாண்டிவிட்டால் அவர் புது ஆள் இல்லை, பிறகு வேறொருவரைத்தான் எடுப்பார்கள் என்று பள்ளக்காரர் முதல் நாளே விதியைச் சொல்லியிருந்தார்.

அக்கா விழ விழப் பள்ளம் சுருங்கியது. துரத்தி வந்த கரடி முதலில் நடக்க ஆரம்பித்தது, போன வாரத்திலிருந்து உட்கார்ந்தே இருக்கிறது. “இது ஆட்டமா, தாலாட்டா?” என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். பள்ளக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தன் கணக்கு எங்கே தப்பியது என்று அவருக்குப் புரியவே இல்லை.

ஜன்னல் இல்லாத அந்த அறையை விட்டு அவரால் நகரவும் முடியவில்லை. அக்கா தாண்டும் வரை லீவு கிடையாது என்று மேனேஜர் அம்மா சொல்லிவிட்டார். தானே ஆடித் தாண்டிவிடலாம் என்றால், ஆடுபவர் முகத்தையும் கையையும் ஒரு கேமரா பதிவு செய்துகொண்டே இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு அவருடைய மாமியார் போன் செய்தார்.

“மாப்பிள்ள, இவளுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரில சேர்த்துட்டோம். டாக்டர் முகமே சரியில்ல. உங்களத்தான் கேட்டுட்டே இருக்கா.”

பள்ளக்காரர் மேனேஜர் அறைக்கு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“என்ன தம்பி சொன்னாங்க?” என்று கேட்டார் அக்கா.

“நாளைக்கு ஆட்டத்த வாங்குறவங்க வர்றாங்களாம். நீங்க தாண்டுங்க, அடுத்த நிமிஷம் நான் கிளம்பலாமாம்.”

“தலைப்பிரசவமா?”

“ஆமாக்கா.”

“எவ்வளவு தூரம் போகணும்?”

“பஸ்ல ஆறு மணி நேரம்.”

அக்கா கன்ட்ரோலரை அழுத்திக்கொண்டே, அவர் முகத்தையே பார்த்துக் கேட்டார். அந்தப் பேச்சு முடிவதற்குள் முயல் மூன்று பாறைகளையும் தாண்டி வந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. பள்ளக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, பள்ளத்தப் பழையபடி வைங்க.”

“எந்தப் பழையபடி?”

“மொத நாள் வச்சிருந்தீங்களே, அந்த அகலம். கரடியையும் எழுப்பி விடுங்க.”

“அக்கா, இருக்குற நிலைமையில விளையாடாதீங்க.”

“விளையாடத்தானே சம்பளம் குடுக்குறீங்க. வைங்க. இந்தச் சின்ன வாய்க்காலத் தாண்டினேன்னு சொன்னா எனக்கே வெக்கமா இருக்கும்.”

இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று அவரும் பழையபடியே வைத்தார். கரடி உறுமிக்கொண்டு பாய்ந்து வந்தது. முயல் மூன்று பாறைகளையும் தாண்டி, பள்ளத்தின் விளிம்பில் சட்டென்று நின்றது. கரடி கிட்டத்தில் வரும் வரை காத்திருந்து, அது பிடிக்கப் பாய்ந்த நொடியில் எகிறி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அப்படித் தாண்ட வேண்டும் என்றுதான் பள்ளக்காரர் அதை அமைத்திருந்தார். யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

அறையே எழுந்து நின்று கத்தியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மேனேஜர் அம்மா திரையைப் பார்த்தார். “கிளம்புங்க, கிளம்புங்க” என்று கையசைத்தார். பள்ளக்காரர் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டு, அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லத் திரும்பினார்.

அக்கா கழுத்தில் இருந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குக்கா அதக் கழட்டுறீங்க?”

“தாண்டிட்டேன்ல. இனிமே நான் புது ஆள் இல்லையே.”

“இருங்க, நான் மேனேஜர்கிட்ட பேசுறேன். நாப்பது நாள் பாடுபட்டு இன்னைக்குத்தானே உங்களுக்கு ஆட்டம் பிடிபட்டிருக்கு!”

அக்கா எழுந்து வந்து அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

“ஓடுங்க, பஸ் போயிடும். எனக்கு மொத நாளே, ஒம்பதாவது நிமிஷத்துல பிடிபட்டுடுச்சு தம்பி.”