மகன் கணக்கில் ஓடும் வண்டி

இப்போதெல்லாம் எவனும் ஆளை நம்புவதில்லை, போனைத்தான் நம்புகிறான். கிழவருக்கு அதுதான் எரிச்சல். சாப்பாட்டுப் பையோடு மூன்றாவது மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால், கதவைத் திறந்த பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்தாள்.

"படத்துல சின்ன வயசுக்காரருல்ல இருக்காரு, ஐயா?"

"என் மகன்தாம்மா. எனக்கு வயசாயிடுச்சுன்னு கம்பெனியில சேத்துக்கல. அதான் அவன் கணக்குல நான் ஓட்டறேன். நீ ஒரு புகார் போட்டா என் பொழப்புல மண்ணு."

"ஐயய்யோ, நான் ஏன் போடறேன்? நேத்து உங்க மகன்தானே வந்தாரு!"

"யாரு?"

"இதோ, இவரேதான். ஹெல்மெட் வாரைக் கடிச்சுக்கிட்டே பேசினாரு. 'நாளைக்கு அப்பா வருவாரு, மாடி ஏறினா அவருக்கு மூச்சு வாங்கும், கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

சொல்லிக்கொண்டே தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

கிழவர் டம்ளரை வாங்காமல், சாப்பாட்டுப் பையை மட்டும் அவளிடம் நீட்டினார். வாரைக் கடிக்கும் பழக்கமுள்ள அந்த மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் அவனுடைய வண்டியையும் போனையும் அவர் கையில் எடுத்தார்.

"ஹெல்மெட் போட்டவன் எல்லாம் வாரைக் கடிக்கிறவன்தான். நீ வேற எவனையோ பாத்திருப்பே," என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.