ஈர நெல்

அவள் நெல் குவியலுக்குள் கையை விட்டாள்.

உள்ளே கொதித்தது.

வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் ஒட்டிய மணிகள் சில வெள்ளையாய் முளை விட்டிருந்தன.

கொள்முதல் நிலைய வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாலைகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் அங்கே போகாமல் நேராகக் களத்தில் இறங்கிவிட்டாள். மத்திய அமைச்சராகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. விவசாயத்தையும் உணவையும் சேர்த்தே அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

காரில் வரும்போது துறைச் செயலாளர் மாத்தூர், அரசின் முன்னுரிமைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏற்றுமதி. ட்ரோன். எண்ணெய் வித்து.

மழையில் நனைந்த நெல் அதில் எங்கேயும் வரவில்லை.

குவியலுக்குச் சொந்தக்காரி செங்கமலம் தள்ளி நின்றாள். கும்பிடவில்லை.

“போன வாரமும் ஒருத்தர் வந்து இப்பிடித்தாம்மா கைய விட்டுப் பாத்துட்டுப் போனாரு.”

சுருக்கென்றது அவளுக்கு. கையை உதறாமல் அப்படியே நின்றாள்.

நிலைய அலுவலர் ஈரப்பதம் பார்க்கும் கருவியை நீட்டினார். “அளவுக்கு மேல காட்டுதும்மா. எடுத்தா என் வேலை போயிடும்.”

“எப்படியும் புழுங்கல் ஆலைக்குத்தான போகுது. அங்க ஊறத்தான போடப்போறாங்க. முளைக்காதத இப்பவே ஏத்துங்க. முளைச்சதுக்கு நான் பதில் சொல்றேன்.”

மாத்தூர் அவள் காதருகே குனிந்தார். அளவைத் தளர்த்த மத்தியக் குழுவின் ஆய்வறிக்கை வேண்டும் என்றார். இதற்கு முன் இருந்த அமைச்சரும் இப்படித்தான் அவசரப்பட்டுப் பதவியை இழந்தார் என்றார்.

யாரும் அசையவில்லை. சுமை தூக்குகிறவர்கள் அலுவலரைப் பார்த்தார்கள். அலுவலர் மாத்தூரைப் பார்த்தார். மாத்தூர் வானத்தைப் பார்த்தார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு சாக்கை எடுத்து வாயை விரித்துப் பிடித்தாள்.

செங்கமலம் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு கூடையால் அள்ளிக் கொட்டத் தொடங்கினாள்.

சாக்கு நிறைந்ததும் யாரோ தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

முதல் லாரி கிளம்பும்போது மாத்தூரின் போன் அடித்தது. விறைப்பாக நின்று கேட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார்.

“டெல்லி. உடனே நிறுத்தச் சொல்கிறார்கள்.”

“வேலையா இருக்கேன்னு சொல்லுங்க.”

“அம்மா, யார் பேசுகிறார் என்று...”

“தெரியும்.”

அவர் போனில் அதை அப்படியே சொன்னார்.

களம் நெடுகப் படுதா மூடிய குவியல்கள் இன்னும் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாராவது ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

செங்கமலம் அள்ளுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

“நாளைக்கும் நீங்கதானம்மா மந்திரி?”

அவள் அடுத்த சாக்கை உதறி விரித்தாள்.

“மத்த படுதாவையும் பிரிக்கச் சொல்லுங்கக்கா.”