சென்னிமலை ரோட்டில் ஒட்டகம்

"அந்தக் கடைசி உருண்டைக் களி வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனுங்களே மாமா, கேட்டீங்களா?"

மனைவி சண்முகப்பிரியா போட்ட சத்தத்தில் தம்பிதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்களை அகல விரித்தான்.

"நான் எங்க தூங்கினேன்? கண்ண மூடி ரோசனை பண்ணிட்டிருந்தேன்."

"வாயோரம் ஒழுகுதே, அதுதானுங்களா ரோசனை?"

சட்டைக் காலரால் துடைத்துக்கொண்டான். மதியம் இரண்டரை மணி. காங்கேயத்தில் ஏற்றிய எண்ணெய் டின்களோடு லாரி பெருந்துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கம்பங்களியும் கீரைக் கடைசலும் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு அவன் இமைகளைக் கீழே இழுத்தன.

"இத பாருங்க. திங்கக்கிழமை தூங்கிப்போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். நேத்தும் தூங்கிப்போட்டீங்க. இன்னைக்கும் தூங்கினீங்கன்னா, நாளையிலிருந்து இந்த வண்டிப் பக்கமே வரக்கூடாது. மருதாசலம் அண்ணனைக் கூட்டிக்குவேன்."

பாதித் தூக்கம் பறந்தது. மச்சான் மருதாசலமா! தன் வேலையை அவன் பிடுங்கிக்கொண்டால் அடுத்த கெடாவெட்டு விருந்தில் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதுவும் போக, நாள் முழுக்கப் பிரியாவோடு ஊர் ஊராகப் போகிற இந்தப் பிழைப்பை விட்டால் தம்பிதுரைக்கு வேறு சுகம் ஏது?

"அவனா? அவன் பேச ஆரம்பிச்சா வண்டி டயரே கொட்டாவி விடும், கண்ணு."

"விடட்டும். அண்ணன் முழிச்சிருப்பாருல்ல? நம்ம ரெண்டு பேர் உசுரும் உங்க கண்ணுலதான் இருக்குது. மிளகாயைக் கடிங்க."

கடித்தான். காதில் புகை வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த ஈரத்தில் இமைகள் இன்னும் வழவழவென்று மூடிக்கொண்டன.

"மாமா!"

"முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்!"

"அப்பப் பேசுங்க. நம்ம கல்யாணத்துல உங்க சித்தி பந்தியில உக்காந்து என்ன குத்தம் சொன்னாங்க? சொல்லுங்க, சண்டையாவது போடலாம்."

"பாயசத்துல முந்திரி இல்லைன்னாங்க... நல்லா கெட்டியா... சூடா..." பாயசத்தை நினைத்ததுமே தலை தோளில் சாய்ந்தது.

"பாயசத்தை உடுங்க! எதிர்ல என்ன வருது, சொல்லுங்க."

"ஒரு பஸ்."

"அப்புறம்?"

"சைக்கிள்ல ஒரு பெரியவரு. ரெண்டு செம்மறியாடு."

"ம்... அப்புறம்?"

"ஒட்டகம்."

"சென்னிமலை ரோட்டுல ஒட்டகமுங்களா?"

"ஆமா. மேல சித்தி உக்காந்துட்டிருக்காங்க. கையில பாயச அண்டா."

பிரேக் கிறீச்சிட்டது. லாரி குலுங்கிச் சாலையோரம் நின்றது. தம்பிதுரை முன்னால் போய் நெற்றியை முட்டிக்கொண்டதில் ஒட்டகம், சித்தி, அண்டா எல்லாம் காற்றில் கரைந்தன.

"இறங்குங்க கீழே."

"பிரியா, ஒரே ஒரு சான்ஸ்..."

"மரியாதையாத்தான் சொல்றேன், இறங்குங்க."

இறங்கினான். கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு குதித்தான். அவனுடைய செருப்புகள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே வந்து விழுந்தன.

"பக்கத்துல உக்காந்து நீங்க கொறட்டை விட்டா ஓட்டறவளுக்கும் தூக்கம் வராதுங்களா? பின்னால பஸ் வருது, ஏறி வந்து சேருங்க!" என்றபடி கியரைப் போட்டு லாரியைக் கிளப்பினாள் சண்முகப்பிரியா.

அந்த பஸ்ஸில் ஏறிய தம்பிதுரை, கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருவதற்குள் தூங்கிப்போயிருந்தான்.