தெருவடி வால்வு

வீட்டுக்குப் போகும் எரிவாயுக் குழாயில், தெருவுக்கு அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. குழாய் உடைந்தால் வாயுவைத் தடுப்பது அதன் வேலை. பத்து வருடமாகக் குழாய் உடையவில்லை.

"சும்மாவே உட்கார்ந்திருக்கியே அக்கா, அலுக்கலையா?" என்று குழாய் வழியே அடுப்பு கேலி செய்யும். வேறு பேச்சுத்துணை இல்லாததால் கேலியும் வால்வுக்கு இனித்தது.

ஒருநாள் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் வால்வுக்கும் வீட்டுக்கும் நடுவே குழாயைக் கிழித்தது. வாயு சீறி, கைக்குழந்தை இருக்கும் அந்த வீட்டுப் பக்கம் பரவியது. வால்வு உடம்பையெல்லாம் திரட்டி மூடிக்கொண்டது. அடுப்பு அணைந்தது.

மறுநாள் குழாயைச் சரிசெய்தார்கள். வால்வு திறந்தது.

"நேத்து பால் பாதி காயறப்பவே நான் அணைஞ்சுட்டேன், குழந்தை வீடே அதிர அழுதுச்சு. எங்கே போய்த் தொலைஞ்சே?"

"இங்கேதான் இருந்தேன். இன்னைக்கும் அழுதுச்சா?"

"கேக்கிற கேள்வியைப் பாரு!"

அதன்பின் அடுப்பு பேசவேயில்லை. குழந்தை அழும்போது மட்டும் குழாய் லேசாக அதிரும். வால்வு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.